பனிக்கடல் தந்த மாப்பிள்ளை

கேப் டவுன்
1936 மார்ச் 30

அன்புள்ள அக்கா சொர்ணவல்லிக்கு,

உன் தம்பி சோலையப்பன் உயிரோடு இருக்கிறான். மூக்கு நுனி மட்டும் குளிரில் செத்துத் தோல் உரிந்து, இப்போது திரும்ப முளைத்துக்கொண்டிருக்கிறது. புது மூக்கு பழையதைவிட அழகாக வரும் என்று நம்புகிறேன். பழையதைவிட மோசமாக வர வழியில்லை.

டர்பன் மளிகைக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவன் எதற்குக் கப்பலேறினான் என்று அத்தான் கேட்டிருந்தார். சொல்கிறேன். இது இங்கிலீஷ்காரர்களின் ஆராய்ச்சிக் கப்பல். பூமியின் தென்கோடியில் உள்ள பனிக்கடலில் போய், திமிங்கிலம் எங்கே என்ன தின்கிறது, தண்ணீர் எவ்வளவு உப்பு, அடியில் என்ன கிடக்கிறது என்று பார்த்து எழுதுவது இவர்கள் உத்தியோகம். இதற்குச் சம்பளமும் உண்டு. புட்டிகளை எண்ணி வைத்துச் சீட்டு ஒட்ட ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். மிளகு டப்பாவுக்கும் சீரக டப்பாவுக்கும் பத்து வருஷம் சீட்டு ஒட்டியவன் நான். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டார்கள். குணத்தை யாரும் விசாரிக்கவில்லை.

எனக்கு மேலதிகாரி ஒருவர். கப்பலில் அவருக்கு நான் வைத்த பெயர் சேற்றுத் துரை. திமிங்கிலம் பக்கத்தில் வந்து பெருமூச்சு விட்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். கம்பி வடத்தில் கனமான இரும்புக் குழாயைக் கட்டி இறக்கச் சொல்வார். அது போகும், போகும், போய்க்கொண்டே இருக்கும். நாங்கள் சாப்பிட்டு, சண்டை போட்டு, சமாதானமாகி முடிக்கும்போது மேலே வரும். குழாயிலிருந்து சேற்றைத் தள்ளுவார்கள், நீ புட்டுக் குழலில் தள்ளுவாயே, அதே மாதிரி. நீளமாக, முழுசாக, உடையாமல் வந்துவிட்டால் துரை முகத்தில் அன்றைக்குத் தீபாவளி.

சேற்றில் இரண்டு சாதி. கரையை விட்டு விலகிய ஆழத்தில் அரிசி மாவு மாதிரி வெளுத்த சேறு. விரலில் தேய்த்தால் வழவழவென்று இருக்கும். லென்சில் பார்த்தால் அத்தனையும் கண்ணாடிக் கூடு! சல்லடை போல ஒன்று, சீப்பு போல ஒன்று, குங்குமச் சிமிழ் போல ஒன்று. கண்ணுக்குத் தெரியாத பாசி வகை, தன்னைச் சுற்றிக் கண்ணாடியில் வீடு கட்டிக்கொள்கிறது. சூரியன் மறையாத கோடையில் கடல் மேலே அது கோடானுகோடியாகப் பெருகுகிறது. பிறகு செத்து, ஓயாமல் தூறலாக அடிக்கு இறங்குகிறது. அந்தக் கூடுகளே சேறு. பனிக்கரைப் பக்கமாகப் போகப் போக, கரை கண்ணில் படுவதற்கு முன்பே, வேறு கதை. நீலம் பாய்ந்த சாம்பல் நிறக் களி. அதற்குள் கூழாங்கல், குண்டுக்கல், பொடி மணல் எல்லாம் கலந்துகட்டிக் கிடக்கிறது.

கப்பல் வம்பு: சமையற்காரனுக்கு மிளகாய் என்றால் பயம். கேப்டன் பூனையோடு மட்டும் பேசுவார். பூனை என்னோடு மட்டும் பேசும்.

நீ போன கடிதத்தில் கேட்டிருந்த விஷயத்தை யோசித்துக்கொண்டிருக்கிறேன். காகிதத்தில் இடம் முடிந்துவிட்டதால் இத்துடன் நிறுத்துகிறேன்.

உன் தம்பி
சோலையப்பன்


விராலிமலை
1936 மே 24

தம்பி சோலையப்பனுக்கு, அம்மா சொல்லச் சொல்லப் பிரகதாம்பாள் எழுதுவது.

மாமா, உங்கள் கடிதம் வந்தது. நான் வாசிக்க, நம் காப்பிக் கடையில் இறங்கிய மதுரை பஸ்ஸே கேட்டது. டிரைவர் ஹாரன் அடிக்க மறந்துவிட்டார். அப்பா மட்டும் கடிதத்தை வாங்கி, திருப்பிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒம் தம்பி எடம் முடிஞ்சுபோச்சுங்கிறான், இங்க அரைப் பக்கம் சும்மா கெடக்கு. ஒரு வரி எழுத எடமில்லையாக்கும்?" என்று அம்மாவிடம் கேட்டார். இனி அம்மா சொல்வது.

நம் கண்மாயில் சேறு இல்லையா? சித்திரையில் வற்றினால் ஊரே வண்டி கட்டி அள்ளுகிறது. அதற்கு எவனும் சீமைக்குக் கப்பலேறவில்லை. நீ சொல்லுகிற சேறும் நம்பும்படியாக இல்லை. வரத்து வாய்க்கால் கண்மாயில் விழுகிற வாயில் கல்லும் பருமணலும் கிடக்கும். உள்ளே வர வரப் பொடிமணல். மடைப் பக்கம் வெண்ணெய் மாதிரி வண்டல். தண்ணீர் கனத்ததை முதலில் போட்டுவிட்டு, லேசானதைத்தானே தூக்கி வரும்? கரையே தெரியாத நடுக்கடலில் களிக்குள்ளே குண்டுக்கல் எப்படிக் கிடக்கும்? யார் கொண்டு போட்டது? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். அய்யாக்கண்ணு அம்பலம் ஊருக்குப் பெரிய மனுஷர், அவர் சொல்கிறார்: "ஒரு வெள்ளக்காரிய சேத்துக்கிட்டான். அத மறைக்கச் சேறு பூசுறான்."

வெள்ளைக்காரியோ கறுப்புக்காரியோ, எனக்கு வேண்டியது ஒரு வரி. தாரமிழந்து தனியாகக் கிடக்கிறாய். பிரகதாம்பாள் உனக்கு அக்காள் மகள், முறைப்பெண். அவளை நீ கட்டிக்கொண்டால் ஊரோடு வந்து சேருவாய். அம்மா செத்த பிறகு உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள் கேட்கிறேன். (இதை எழுதும்போது அம்மா அழுதாள். பிறகு பால் பொங்குகிறதென்று எழுந்து போனாள். அழுகை அங்கேயே நின்றுவிட்டது.)

கட்டவில்லை என்றால், விட்டேன் என்று எழுது. முறைமாமன் வாய்விட்டு விடாமல் வேறெவனும் இவளுக்கு வெற்றிலை மாற்ற மாட்டான். இங்கே தபாலாபீஸ் குமாஸ்தா முத்துராமன் வீட்டில் கேட்கிறார்கள். இந்த வைகாசி விட்டு அடுத்த வைகாசி வரை பொறுப்பார்களாம். அதற்கு மேல் வேறு இடம் பார்த்துவிடுவார்கள். இவளுக்குப் பத்தொன்பது முடிகிறது. மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்க்கிறவளை இப்போதே, "மாமன் வேண்டாம்னவ" என்று கிணற்றடியில் பேசுகிறார்கள். நீ வேண்டாமென்றும் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

கட்டுகிறாயா, விடுகிறாயா? ஒரு வரி.

(மாமா, இந்தக் கடிதத்தை நான் எழுதியது கையால் மட்டுமே. கருத்துக்கு நான் பொறுப்பல்ல. பி.)


கேப் டவுன்
1936 ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

வெள்ளைக்காரி விஷயத்தில் அம்பலத்துக்கு என் பதில்: பனிக்கடலில் என்னை நின்று பார்த்த ஒரே பெண்பிள்ளை ஒரு பென்குயின். அதுவும் ஆணாக இருக்கலாம் என்று துரை சந்தேகப்படுகிறார். என் மூக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தது.

கண்மாய்க் கேள்வியைத் துரைக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டார். "உன் அக்காள் சொல்வது சரி, அது தண்ணீர் செய்த வேலையாக இருந்தால்" என்றார். பிறகு சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்காமல் விளக்கினார். நான் பசியோடு கேட்டதை நீ சாப்பிட்டுவிட்டுக் கேள்.

தண்ணீர் ஒரு சல்லடை. பெரிசு வேறு, சிறிசு வேறு என்று பிரித்துப் போடும். பனி அப்படியல்ல, கோணிமூட்டை. தென்கோடியில் ஒரு பெரிய நிலம் இருக்கிறது. அங்கே விழுந்த பனி உருகுவதேயில்லை. மேலே மேலே விழுந்து, அழுந்தி, இறுகி, ஆறாகக் கடலை நோக்கி நகர்கிறது. நம் சமஸ்தானத்து ரெவினியூ மனுப் போல நகர்கிறது. நகர்கிறது என்று நம்பத்தான் வேண்டும். போகிற வழியில் அடியிலுள்ள பாறையை ஆட்டுக்கல் போல அரைக்கிறது. மாவான பாறை, நொறுங்கிய பாறை, நொறுங்காத குண்டு எல்லாம் பனியின் அடிவயிற்றில் ஒட்டிக்கொள்கின்றன. கடலுக்கு வந்ததும் நுனி உடைந்து மலை மலையாக மிதந்து போகிறது. மிதக்கும்போதே உருகுகிறது. எங்கே உருகுகிறதோ அங்கே மூட்டை அவிழ்கிறது. கோட்டைப்பட்டினத்துக் கருவாட்டு வண்டி கோணி கிழிந்து, வழியெல்லாம் சிந்திக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும்? வாளையும் விழும், நெத்திலியும் விழும், தூளும் விழும். வண்டிக்காரன் பிரித்தா போடுகிறான்? இப்படித்தான் நடுக்கடலில் களிக்குள்ளே கல்.

இன்னும் இருக்கிறது. சில பனிமலைகள் அடி தட்டி, ஏர் பிடித்ததுபோல் தரையை உழுதுவிடுமாம். சில இடங்களில் அடி நீரோட்டம் வாசல் பெருக்குவதுபோல் மாவையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். கல் மட்டும் மிஞ்சும். கரையோரம் கடலின் மேலே உறைந்த பனி மூடியே கிடந்தால் வெயில் இறங்காது. வெயில் இல்லாவிட்டால் பாசி இல்லை, பாசி இல்லாவிட்டால் கண்ணாடித் தூறலும் இல்லை. ஆக, கீழே கிடக்கிற சேற்றைப் பார்த்தே மேலே பனி இருந்ததா, வெயில் இருந்ததா, நீரோட்டம் எந்தப் பக்கம் போனது என்று துரை சொல்லிவிடுகிறார். வீட்டுக் குப்பையைப் பார்த்தே என்ன குழம்பு, யார் விருந்து என்று நம் சின்னப்பிள்ளை அத்தை சொல்லவில்லையா? அவள் கப்பலில் இருந்தால் துரைக்கு வேலை போயிருக்கும்.

நீ நம்பவேண்டும் என்பதற்காக ஒரு கல்லை பிஸ்கட் டின்னில் வைத்துத் தனிப் பார்சலாக அனுப்புகிறேன். மாங்காய் அளவு. சேற்றுக்குள்ளிருந்து ஏறியது. ஒரு பக்கம் பனி இழுத்துத் தேய்த்ததில் தட்டையாகக் கீறல் கீறலாக இருக்கும். துரையிடம் இதுபோல் ஒரு பெட்டி நிறைய இருப்பதால் கொடுத்துவிட்டார். இதைப் பிரகதாம்பாளிடம் கொடு. என் கையால் கொடுத்ததாக வைத்துக்கொள்ளட்டும். மாமா நேரில் வரமுடியாததால், இது வந்ததை மாமா வந்ததாக நினைத்துக்கொள்ளச் சொல்.

மற்ற விஷயம் பெரிய விஷயம். அதைச் சேற்றோடு கலந்து எழுதுவது மரியாதை இல்லை. தனியாக எழுதுகிறேன்.

சோலையப்பன்


விராலிமலை
1936 அக்டோபர் 5

தம்பி சோலையப்பனுக்கு, அம்மா சொல்லப் பிரகதாம்பாள் எழுதுவது.

என் ராசா, என் வயிற்றில் பால் வார்த்தாய். கல் வந்தது. கூடவே உன் கடிதமும் வந்தது. "இது வந்ததை மாமா வந்ததாக நினைத்துக்கொள்" என்று இவள் வாசித்ததும் எனக்கு முதலில் புத்தி ஓடவில்லை. உன் அத்தானுக்குத்தான் ஓடியது. கையில் இருந்த டபராவைக் கீழே வைத்துவிட்டு, "அடியே, இவன் சம்மதம் சொல்லிட்டான்டி!" என்றார்.

அந்தக் காலத்தில் மாப்பிள்ளை பட்டாளத்துக்குப் போய்விட்டால் அவன் எறிந்து பழகிய வளரித்தடியைப் பெண் வீட்டுக்கு அனுப்புவான். தடியை மணையில் வைத்து, மாப்பிள்ளைக்கு அக்காளோ தங்கச்சியோ பெண் கழுத்தில் தாலி கட்டுவாள். தடி வந்தால் அவன் வந்த மாதிரி. இதெல்லாம் நீயும் கேட்டு வளர்ந்தவன்தானே. அதை மனதில் வைத்துத்தான் அனுப்பினாய் என்று அத்தான் சொல்கிறார். வளரிக்குப் பதில் கல். கப்பல்காரனுக்கு வளரி எங்கே கிடைக்கும்?

அம்பலத்தைக் கூப்பிட்டுக் கேட்டோம். கல்லைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "கையால குடுத்ததா வச்சுக்கன்னு எழுதியிருக்கான்ல? அப்ப செல்லும்" என்றார். பிறகு தாடையைச் சொறிந்தார். "ஆனா தாலி கட்ட வேண்டியது மாப்பிள்ளைக்கு அக்கா. அது சொர்ணவல்லி. பொண்ணுக்கு ஆத்தாவும் சொர்ணவல்லி. ஆத்தாளே மகளுக்குத் தாலி கட்டுறதா?" அதற்கு உன் அத்தான், "இங்கிட்டு நின்னா ஆத்தா, அங்கிட்டு போய் நின்னா நாத்தனா. நடுவுல ஒரு மணைதானே, தாண்டிக்கிருவா" என்றார். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

வைகாசியில் முகூர்த்தம். கல்லைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து அரிசிப் பானைமேல் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். உன் சாடை இருக்கிறது என்று சின்னப்பிள்ளை அத்தை சொன்னாள். முத்துராமன் வீட்டுக்கு விஷயம் போய்விட்டது. அந்தப் பையன் பார்சல் கொண்டுவந்தவனே தான்தான் என்று தெரிந்து, அன்று முழுதும் தபால் முத்திரையை மை தொடாமல் குத்திக்கொண்டிருந்தானாம்.

உடம்பைப் பார்த்துக்கொள், மாப்பிள்ளை.

(மாமா, நான் ஒன்றும் சேர்க்கப்போவதில்லை. பி.)


கேப் டவுன்
1936 நவம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

இதற்குள் என் தந்தி கிடைத்திருக்கும்: "கல் நான் அல்ல. பொறு. கடிதம் வருகிறது." இங்கிலீஷில் அடித்தேன். முத்துராமன் மொழிபெயர்த்துச் சொல்லியிருப்பான். மொழிபெயர்ப்பில் உற்சாகம் தெரிந்திருந்தால் மன்னித்துவிடு.

அக்கா, நான் வளரியை நினைக்கவேயில்லை. ஊர்ப் பழக்கத்தை மறந்து, ஏதோ நாகரிகமாக எழுதுவதாக நினைத்து ஒரு வரி எழுதினேன். வாழ்நாளில் நான் அழகாக எழுதிய வரி அது ஒன்றுதான். அதற்கு இந்தத் தண்டனை.

நாளை மறுபடி பனிக்கடலுக்குப் புறப்படுகிறோம். மார்ச் கடைசியில்தான் திரும்புவேன். அதற்குள் அவசரப்பட்டு மணை போட்டுவிடாதே. அந்தக் கல் மாப்பிள்ளைக்குத் தகுதியானதா என்று யோசித்துப் பார். அதற்கு ஊர் எது, எந்த மலையில் பிறந்தது என்று துரைக்கே தெரியாது. எந்தப் பனியாறு அதைப் பெயர்த்தது, எத்தனை காலம் இழுத்தடித்தது, எந்தப் பனிமலையின் வயிற்றில் பயணம் வந்தது, யாரும் பார்க்கவில்லை. அது அந்த இடத்தைத் தேடி விழவும் இல்லை. உருகிய இடத்தில் விழுந்தது. அதைச் சுற்றியுள்ள சேறும் அதற்கு உறவில்லை. கண்ணாடிக் கூடு மேலேயிருந்து வந்தது, மாவு கரையிலிருந்து வந்தது. சுண்ணாம்புக் கூடு கட்டுகிற ஜீவன்களும் உண்டு. ஆனால் ஆழத்துக் குளிர் நீரில் சுண்ணாம்பு கரைந்தே போய்விடுகிறது, அடிக்கு வந்து சேருவதில்லை. கண்ணாடி மட்டும் தாக்குப்பிடிக்கிறது. இது போதாதென்று புழுக்கள் வேறு அடியிலிருந்து குடைந்து, நேற்றையதையும் இன்றையதையும் கலந்துவிடுகின்றன. ஓர் இடத்துச் சேறு என்றால், யார் யார் அந்த வழியாகப் போனார்கள், எதை எதைப் போட்டுவிட்டுப் போனார்கள் என்பதே ஒழிய வேறில்லை என்கிறார் துரை. இப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து மாப்பிள்ளை எடுக்கலாமா? அம்பலத்திடம் கேள்.

நீ கேட்ட ஒரு வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன். காகிதத்தின் தலையில் உன் பெயரை எழுதினேன். பிறகு, இதைக் கடையில் நின்று உரக்க வாசிக்கப்போகிறவள் யார் என்று ஞாபகம் வந்தது. பேனாவில் மை உறைந்துவிட்டது. கேப் டவுனில் இப்போது கோடைகாலம், மை உறையாது. என் பேனாவில் உறைந்தது.

ஆகவே சேற்றைப் பற்றி எழுதினேன்.

சோலையப்பன்


விராலிமல
1937 பிப்ரவரி 9

தம்பி சோலைக்கு,

இத நானே எளுதுறேன். ரெண்டாங் கிளாஸோட நின்ன எளுத்து, கோணலா இருக்கும். அவ பள்ளிக்கூடம் போயிருக்கா. அவளுக்குத் தெரியாது.

ஒன் கடுதாசி வந்துச்சு. வழக்கம்போல கடையில வாசிச்சா. நீ சொன்னத அம்பலத்துக்கிட்டச் சொன்னோம். கல்லுக்கு ஊரு தெரியல, பேரு தெரியல, எந்த மலைன்னு தெரியலன்னு. அம்பலம், "அதெல்லாம் கல்லுக்குத்தானே. கல்லு அனுப்புனவன் ஊரு நமக்குத் தெரியும்ல?"ன்னுட்டாரு. ஒங்க அத்தானும், "இவன் ரெண்டு தாளு எளுதியிருக்கான், வேண்டாம்ங்கிற வார்த்த ஒண்ணு இருக்கா பாரு"ன்னாங்க. தேடுனோம். இல்ல.

அப்ப இவ எந்திரிச்சா. கையில ஒன் கடுதாசிய மடிச்சு வச்சுக்கிட்டு, "முகூர்த்தத்த வைங்க. எனக்குச் சம்மதம்"னா.

எனக்கு நெஞ்சு குளுந்துபோச்சு. "மாமன எப்ப வரச் சொல்லட்டும்?"னேன்.

"மாமா எதுக்கு? நான் கல்லத்தான் கட்டிக்கிறேன்."

"என்னடி பேசுற?"

"வெளையாட்டில்லம்மா. கல்லு வெந்நி கேக்காது, சோறு ஆறிப்போச்சுன்னு தட்ட வீசாது. பள்ளிக்கூடத்துக்குப் போகாதங்காது. தாலியும் கெடச்சுரும், கெணத்தடியில எவளும் வாயத் தெறக்கமாட்டா. சாகவும் சாகாது, நான் தாலியறுக்கவும் வேண்டாம். இத விட்டா இதுமாதிரி மாப்பிள்ள எங்க கெடைக்கும்?"

கடையில நாலு பேரு சிரிச்சாங்க. ஒங்க அத்தான் சிரிக்கல. அம்பலம், "முத்துராமன் பய நல்லவன்தான் தாயி"ன்னு இளுத்தாரு. அவ சொன்னா, "நல்லவருதான். அவரு கேக்கணும்னா மாமா விடணும். மாமா வாயத் தெறக்கமாட்டாரு, கல்லும் தெறக்கமாட்டேங்குது. ரெண்டும் ஒண்ணுதான். கல்லாச்சும் சேத்தப் பத்தி எளுதாம இருக்கு."

அன்னைக்கு ராவு படுத்துக்கிட்டுக் கேட்டேன், "ஏன்டி, மாமன் ஒன்ன வேண்டாம்னு எளுதிப்புட்டா வருத்தப்படுவியா?"ன்னு. கூரையப் பாத்துக்கிட்டே சொல்லுறா: "நான் வாசிக்கணுமேன்னு மாமாவுக்குப் பயம். நான் ஒடஞ்சு போயிருவேன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. ரெண்டு வருஷமா வேணும்னும் இல்லாம வேண்டாம்னும் இல்லாம வாசிச்சு வாசிச்சுத்தான் எனக்கு வாய் வலிக்குது."

சோல, அவ நெசமாவே அந்தக் கல்லக் கட்டிக்கிருவா. எம் மகள எனக்குத் தெரியும். சீல எடுத்தாச்சு. நான் அங்கிட்டுப் போயி நின்னு அவ களுத்துல தாலிய முடியணும், கல்லு சார்பா. ஒன்ன ஊரோட கொண்டாந்து சேக்கணும்னு நெனச்சேன். இப்பிடி எம் பொண்ண ஒரு கல்லோட கொண்டுபோயி சேப்பேன்னு நெனக்கல. நீ வா, வராமப் போ. கட்டாதடா. வேண்டாம்னு எளுது. இவ்வளவு நாளு கட்டுன்னு கேட்டவதான் இப்பக் கேக்குறேன், வேண்டாம்னு எளுது.

சேத்தப் பத்தி எளுதாத.

அக்கா


கேப் டவுன்
1937 ஏப்ரல் 2

அக்காவுக்கு,

பிரகதாம்பாளை நான் கட்டிக்கொள்ளமாட்டேன்.

அவளிடம் ஒரு குறையும் இல்லை. அவளைத் தொட்டிலில் ஆட்டியவன் நான். அவள் கழுத்தில் தாலி கட்ட எனக்கு மனம் வரவில்லை, இனியும் வராது. இதை நான் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

முறைமாமன் என்று அவள்மேல் எனக்கு இருந்த பாத்தியதையை விட்டேன். முத்துராமனோ வேறு யாரோ, அவள் சரி என்கிறவனுக்கு வெற்றிலை மாற்றுங்கள். அவள் யாருக்கும் சரி என்று சொல்லாமல் பள்ளிக்கூடமே போதும் என்றாலும், அதற்கு என்னைக் காரணம் சொல்ல வேண்டாம்.

இதே வார்த்தைகளை இன்று காலை தந்தியாகவும் அடித்துவிட்டேன்.

கப்பலில் கணக்கை முடித்துக்கொண்டேன். கொழும்பு போகிற கப்பலில் இடம் கேட்டிருக்கிறேன். வைகாசிக்குள் வந்து சேர முடியாது. கல்யாணத்தை ஆவணியில் வைத்துக்கொண்டால் தாய்மாமன் மாலையும் சீருமாக வந்து நிற்பேன். அப்போது ஊர் என்னை என்ன சொன்னாலும் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

பிரகதாம்பாள், கடையில் பஸ் நிற்கும்போது வாசி. உரக்க வாசி.

சோலையப்பன்